ஜெமீலாவின் நண்டு

பிஸ்கட் டின்னைத் திறக்குமுன் தட்டிப் பார்ப்பது கிண்ணியாவில் அந்த ஒரு வீட்டில்தான் வழக்கம். உள்ளே பிஸ்கட்டும் இருக்கலாம், நண்டும் இருக்கலாம். வலையில் புதுவிதமாக எது சிக்கினாலும் ஸெய்னுதீன் மகளுக்கென்று எடுத்து வருவார். ஜெமீலா அதன் கால் கணுக்களை வாய்விட்டு எண்ணுவாள், கொப்பியில் படம் கீறுவாள், புத்தகங்களைப் புரட்டிப் பெயர் தேடுவாள். பெயர் கிடைக்கும்வரை அவளுக்குச் சோறு இறங்காது. "பேர் தெரிஞ்சா மட்டும் நண்டு ஆணம் ருசிக்கவா போகுது?" என்பார் உம்மா.

நண்டோடு நாள் முழுக்கக் கதைப்பவளுக்கு மனிதரோடு கதைப்பது பெரும்பாடு. பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடமாகக் கடைசி வாங்கில்தான் உட்காருவாள். ஒரு கேள்வி கேட்டதில்லை. எழுபத்தாறாம் ஆண்டு விடுமுறையில் மாணவர் சிலரைக் கடலாராய்ச்சிக்கு எடுப்பதாக அறிவித்தல் வந்தது. விலங்கியல் பேராசிரியரின் சிபாரிசுக் கடிதம் வேண்டும். முடிவுத் திகதிக்கு ஐந்து நாள் இருக்க, அந்தப் பேராசிரியர் யேசுரட்ணம் அன்புவழிபுரத்தில் தமக்கை வீட்டுக்கு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டாள். இரண்டு நாள் படகில் துறை கடந்து போய், வாசல் கேற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். மூன்றாம் நாள் நாய் குரைத்ததில் அவரே வெளியே வந்துவிட்டார்.

முன்னறைக்கு அழைத்து விஷயத்தைக் கேட்டவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பிழையா நினையாதேங்கோ பிள்ளை. உங்கட முகமே எனக்கு ஞாபகமில்லை. என்னத்தை எண்டு எழுத?"

ஜெமீலா பையிலிருந்து ஒரு போத்தலை எடுத்து மேசையில் வைத்தாள். போமலின் திரவத்துக்குள் விரல்நகம் அளவில் ஒரு நண்டு.

"இது எங்கட கொட்டியாரக் குடாவில இல்லையெண்டு வகுப்பில சொன்னீங்க, சேர்." போத்தலை அவர் பக்கம் தள்ளினாள். "இருக்குது."

சொன்ன பிறகுதான் உறைத்தது, உதவி கேட்க வந்த இடத்தில் பிழை பிடித்தாயிற்று என்று. பேராசிரியர் போத்தலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே போய் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு வந்தார்.

"ஓம்," என்றார் கடைசியில். "நான் சொன்னதுதான் பிழை. ஏன் பிள்ளை அண்டைக்கே சொல்லேல்ல?"

"ஏலாது சேர். எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க."

அவர் சிரித்துக்கொண்டே தாளெடுத்து ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கினார். எதிரே நின்ற ஜெமீலா தலைகீழாக வாசித்தாள். இந்த நண்டை இக்குடாவில் முதன்முதல் பிடித்தவர் இம்மாணவி என்றிருந்தது.

அவள் கை தானாக நீண்டது. மை ஈரமென்றும் பாராமல் மாணவி என்ற சொல்லின் மேல் விரலை வைத்தாள்.

"பிடிச்சது என்ட வாப்பா, சேர். ஸெய்னுதீன்."