ஹில்டா கட்டிய மணி

ஹில்டா என்கிற பெயரை நான் முதன்முதலில் கேட்டது என் தம்பி மகள் ஆக்னஸின் பிரசவத்தின்போது. பிரசவம் பார்த்த கன்னியாஸ்திரியின் பெயரையே பிள்ளைக்கு வைத்துவிட்டாள். எங்கள் வாயில் அது இல்டா ஆனது.

முத்தாபுதுப்பேட்டையில், ஏரித் தண்ணீர் வழிந்தோடும் கால்வாயை ஒட்டி அவர்கள் வீடு. மழை விட்ட பிறகும் ஏரி நிரம்பினால், சொல்லாமல் கொள்ளாமல் தண்ணீர் உள்ளே வந்துவிடும். பிளஸ் டூ படிக்கும்போது ஹில்டா அதற்கு ஒரு வழி செய்தாள். கால்வாயில் காலி எண்ணெய் கேனைக் கட்டி, சைக்கிள் பிரேக் கம்பியால் அதை மாதா கோயில் மணியோடு இணைத்தாள். தண்ணீர் ஏறினால் கேன் மிதந்து ஆடும், மணி அடிக்கும். சோதித்துக் காட்டிய அன்று பிள்ளைகள் கேனை உலுக்க, மணி கணகணவென்று அடித்தது. சாமியாரே கை தட்டினார்.

"இனிமே ஆட்டை அவுத்துகினு மேட்டுக்குப் போக நேரம் கெடைக்கும்மா" என்றாள் ஹில்டா ஆக்னஸிடம். ஆக்னஸ் வளர்த்த அந்த ஆடுகளை விற்றுத்தான் அவளை பாலிடெக்னிக்கில் சேர்ப்பதாக இருந்தது.

அடைமழைக் காலத்தில் ஒரு காலை மணி அடித்தது. டங். கொஞ்சம் பொறுத்து இன்னொரு டங். தண்ணீர் மெல்ல ஏறியதால் கேனும் மெல்லத்தான் ஆடியிருக்கிறது. எங்கள் சனங்களுக்கு விட்டுவிட்டு அடித்தால் அது சாவு மணி. முந்தின நாள்தான் இக்னேஷியஸ் பெரியவருக்குச் சாமியார் அவஸ்தைத் தைலம் பூசிவிட்டுப் போயிருந்தார், இனி தேறமாட்டார் என்று. கேன் யார் நினைவுக்கும் வரவில்லை. ஊரே பூமாலையோடு கிளம்ப, ஆக்னஸும் மெழுகுவத்தியோடு தெருமுனையில் இருந்த அவர் வீட்டுக்குப் போய்விட்டாள்.

பெரியவர் டீயில் பன்னை நனைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னாடா, மாலையோட வந்துகீறீங்க? நான் இன்னும் கீறேன்யா."

"அப்போ மணி யாருக்கு மாமா?" என்றாள் ஆக்னஸ்.

டியூஷனிலிருந்து ஓடிவந்த ஹில்டா வாசலில் நின்றே கத்தினாள். "அது என் மணி. தண்ணி ஏறுது, எழுந்துருங்க."

பெரியவரைக் கட்டிலோடு பள்ளிக்கூட மாடிக்குத் தூக்கினார்கள். ஹில்டாவும் கட்டிலின் ஒரு காலைப் பிடித்தாள். மாடிப்படியில்தான் கேட்டாள்: "ஆட்டை அவுத்துட்டியாம்மா?"

ஆக்னஸ் கையில் மெழுகுவத்தி அப்படியே இருந்தது.

தண்ணீர் வடிந்தபோது, கட்டிய இடத்திலேயே ஆடுகள் செத்துக் கிடந்தன.

"உன் மணி கரெக்டாத்தான் அட்ச்சிது இல்டா. சாவு ஆட்டுக்கு" என்றான் பக்கத்து வீட்டுத் தமிழரசு. விளையாட்டாகத்தான் சொன்னான். மறுநாள் அவளே போய்க் கம்பியை அறுத்துவிட்டாள்.

மணி வேகமாய் அடிக்க என்ன செய்யலாம் என்று ஒருத்தராவது அவளைக் கேட்டிருக்கலாம். அவளுக்கு அது ஒரு பொழுது வேலை. யாரும் கேட்கவில்லை. இன்றைக்கும் அங்கே தண்ணீர் சொல்லாமல்தான் வருகிறது.

ஹில்டா இப்போது மண்ணூர்பேட்டையில் ஒரு கம்பெனியில் அட்டைப்பெட்டி ஒட்டுகிறாள்.