கடலில் நிலம் உண்டாக்கிய பீர்க்கண்ணு காக்கா

செவ்வாய்க்கிழமை காலை நாகர்கோவிலில் பல் மருத்துவரின் நாற்காலியில் சாய்ந்திருந்தேன். ஊசி போட்டுவிட்டு, வாயின் வலப்பக்கம் மரத்துப்போகட்டும் என்று மருத்துவர் அடுத்த அறைக்குப் போயிருந்தார். அப்போது கைப்பேசி அடித்தது. குளச்சலிலிருந்து நூர்ஜகான், பீர்க்கண்ணு காக்காவின் மகள்.

"மாமா, வாப்பா மவுத்தாயிட்டாவ. சுபுஹு தொழுதுட்டு வந்து படுத்தாவ, எழும்பல்ல."

நான் ஏதோ சொன்னேன். மரத்த நாக்கில் சொல் கூடவில்லை. "மாமா, கேக்குதா?" என்று அந்தப் பெண் இரண்டு தடவை கேட்டாள். பல்லை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்து குளச்சல் பஸ்ஸில் ஏறினேன். மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். மூன்று பிடி மண் போட்டபோதும் என் வாய் எனக்குச் சொந்தமாக இல்லை. பழகியவர்கள் பலர் வந்து கைபிடித்தார்கள். யாருக்கும் என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. அன்றைக்குச் சொல்லாததை இப்போது எழுதுகிறேன். அடக்கத்துக்கு மறுநாள் எனக்குத் தெரியவந்த ஒன்றும் இதில் இருக்கிறது. அதை விட்டுவிட்டு எழுத என்னால் முடியாது.

குளச்சல் மீன்பிடித் துறைமுகத்தில் ஃப்ரீசர் பழுது பார்க்கும் பெரியவராகத்தான் பீர்க்கண்ணு காக்காவைப் பலருக்கும் தெரியும்; குளச்சல் முஸ்லிம்களுக்குக் காக்கா என்றால் அண்ணன். அதற்கு முன்னால் பதினோரு ஆண்டுகள் அவர் இந்தோனேசியாவில், சுலவேசிக்குக் கிழக்கே ஒரு மூலையில் இருந்தார். அதில் ஏழு ஆண்டுகள் நானும் அவரும் ஒரே அறையில் தங்கியிருந்தோம். மீன் வாங்கி ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் அவர் ஐஸ் பிளாண்ட் மெக்கானிக், நான் மீனின் தரம் பார்ப்பவன்.

துறைமுகப் பட்டணத்திலிருந்து பத்து மணி நேரம் மரப்படகில் போக வேண்டும். வழி முழுக்க வாந்தி எடுத்துக்கொண்டே போய்ச் சேர்ந்தேன். படகுத்துறைப் பலகையைப் பிடித்துக்கொண்டு "அம்மே" என்று முனகியபோது, மேலேயிருந்து ஒரு குரல் கேட்டது. "மக்கா, நீ எந்த ஊரு?"

"ராஜாக்கமங்கலம்" என்றேன்.

"நான் கொளச்சல். எந்திரி, கட்டஞ்சாயா குடிச்சா செரியாவும்."

'வாந்தி எடுக்கும்போ மனுசனுக்குப் பெத்த பாஷைதான் வரும்' என்று பிறகு இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அந்த ஊருக்குக் கரை கிடையாது. பாஜோ என்று சொல்லப்படும் கடல்மக்களின் குடியிருப்பு அது. ஆழமில்லாத கடலில் கால்கள் நட்டு அதன்மேல் பலகை வீடுகள், வீட்டுக்கு வீடு போகப் பலகைப் பாலம். குடிதண்ணீர் பக்கத்துத் தீவிலிருந்து கேனில் வரும். கரண்ட் மாலையில் நான்கு மணி நேரம். கணவாயும் கடல் அட்டையும் சூரையும் பிடித்தார்கள். பெரியவர்களை அங்கே 'ஓம்' என்பார்கள். மாமா என்று அர்த்தம். குளச்சல் ஜமாஅத்தில் பிறந்த மனிதரை ஊரே 'ஓம் பீர், ஓம் பீர்' என்று அழைத்ததைக் கேட்டு முதல் வாரம் முழுவதும் சிரித்தேன். "ஊருல போயி சொல்லிராதலே" என்றார்.

கடல் ஏறிவந்த அந்த டிசம்பரில் குளச்சலில் அவருடைய வீடு போயிற்று. மனைவியும் போனார். நூர்ஜகானை அவள் சித்தி வீட்டில் விட்டுவிட்டுத்தான் வந்திருந்தார். மகளுக்கென்று சொந்தமாக ஓர் இடம் வேண்டும் என்பது மட்டுமே அவருடைய நினைப்பு. 'அதுக்காகக் கடலுக்க நடுவிலயா?' என்று ஒருமுறை கேட்டேன்.

"கரையில இருந்தவள எடுத்துட்டுப் போச்சே. அப்போ கரையின்னா என்ன, கடலுன்னா என்ன?" என்றார்.

அந்த ஊரில் நிலத்துக்கு என்ன மதிப்பு என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். வெள்ளைக்காரர்கள் முக்குளிக்க வரத் தொடங்கியிருந்தார்கள். அடுத்த வருடம் விமான நிலையம் வரும் என்று ஒவ்வொரு வருடமும் பேச்சு. பட்டணத்துத் தரகர்கள் வரைபடத்தோடு வந்து வீட்டு வாசல்களில் உட்கார்ந்திருப்பார்கள். காக்கா அவர்களை மதிக்கவில்லை. "இஞ்ச நெலம் வாங்குகது இல்ல மக்கா, உண்டாக்குகது" என்பார். அது உண்மைதான். செத்த பவளக் கல்லைக் கொண்டுவந்து ஆழமில்லாத இடத்தில் கொட்டி மேடாக்கினால், அது கொட்டியவனுக்குச் சொந்தம். ஊர்த்தலைவர் ஒரு கடிதம் எழுதித் தருவார். அதுதான் அங்கே பட்டா.

வெள்ளிக்கிழமை எங்களுக்கு விடுமுறை. ஜும்ஆ முடிந்ததும் சிறு தோணி ஒன்றை எடுத்துக்கொண்டு காக்கா கல் பொறுக்கப் போவார். "செத்த கல்லத்தான் எடுக்கணும். உசுரு உள்ளத எடுத்தா மீனு போயிரும்" என்று எனக்கும் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். நான்கு வருடம் இப்படிப் போயிற்று. உள்ளங்கையெல்லாம் கீறல். பின் ஒரு பௌர்ணமியன்று மாலை, கடல் நன்றாக ஏறி நின்ற நேரம், அந்த மேட்டின்மேல் நின்று என்னைக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் மகளோடு போனில் பேசிக்கொண்டிருக்கிறார். "மோளே, வாப்பாக்க காலு நனையல்ல கேட்டியா. செருப்புகூட நனையல்ல!"

இனி ஜெபினைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜெபின் என் மனைவி மெர்சியின் தம்பி. டிப்ளமோ முடித்துவிட்டுச் சும்மா இருந்தவனைக் கம்பெனியில் சொல்லி வரவழைத்தவன் நான். கம்ப்ரெஸர் வேலையைக் காக்கா அவனுக்கு முதலிலிருந்து கற்றுக்கொடுத்தார். இரண்டாம் வருடம் அந்த ஊர்ப் பெண் ஒருத்தியை விரும்பி, அவர்களுடைய இஸ்லாம் மார்க்கத்தில் சேர்ந்து மணமுடித்தான். திங்கள்சந்தையில் என் மாமியார் வீடு சாவு வீடுபோல ஆனது. விடுமுறைக்கு வந்த காக்கா தானாகவே அங்கே போனார். ஒரு மணி நேரம் அவரை வெளியிலேயே நிற்க வைத்தார்கள். பிறகு மாமியாரிடம் அவர் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"அம்மா, அவன் எனக்கும் மொவன்தான். அவனுக்கு அங்க ஒரு கொறவு வந்தா எனக்க கழுத்தப் பிடியுங்க."

மாமியார் அழுதார். பிறகு சாயா போட்டுக் கொடுத்தார்.

கல்மேடு ஆனதும் கடிதம் எழுத வேண்டிய நேரம் வந்தது. வெளிநாட்டுக்காரன் பெயரில் எழுத முடியாது. ரொஹானி அம்மா என்று ஒருவர், எங்களுக்குச் சோறு பொங்கித் தந்தவர், அந்த ஊர்ப் படகுக்காரர் ஒருவரின் விதவை. "என் பெயரில் எழுது. பள்ளிவாசலில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுகிறேன், இது ஓம் பீருடையது என்று" என்றார். காக்காவுக்கு அது சம்மதமாகத்தான் இருந்தது. நான்தான் குறுக்கே விழுந்தேன்.

"காக்கா, நாளைக்கு ஒண்ணுன்னா இந்த அம்மாட்ட நாம எந்த மொழியில சண்டை போடுகது? நம்ம பய இருக்கான்லா. அவன் பொண்டாட்டி பேருல எழுதும். நம்ம வீட்டுப் பொண்ணு."

காக்கா ரொஹானி அம்மாவை ஒருமுறை பார்த்தார். "செரி, நீ சொன்னா செரி" என்றார். அப்படியே எழுதப்பட்டது.

மேட்டின்மேல் பலகை வீடு எழும்பியது. சன்னலுக்கு நீலம் அடித்தார். முதல் நாள் எங்களுக்குக் கணவாய் வறுத்துப் போட்டார். அடுத்த ஆண்டு நான் வேலையை விட்டு ஊருக்கு வந்துவிட்டேன். அவர் அந்த வீட்டில் மேலும் இரண்டு வருடம் இருந்தார். பிறகு நூர்ஜகானின் கல்யாணத்துக்கும் கண் ஆபரேஷனுக்குமாக வந்து மூன்று மாதம் தங்கினார். நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் அவர் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டது நான்தான். "கண்ணு தெளிஞ்சதும் எனக்க வீட்ட ஒருக்கா நல்லாப் பாக்கணும்" என்றார்.

போனவர் ஒரு மாதத்தில் பெட்டியோடு திரும்பி வந்தார். "என்ன காக்கா?" என்றேன்.

"வித்துட்டேன் மக்கா. நல்ல ஆளு வந்தான், குடுத்துட்டேன். வயசாச்சுல்லா."

எனக்கு அன்று கோபம் வந்தது. 'என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே' என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இரண்டு மாதம் அவருக்குப் போன்கூடச் செய்யவில்லை. அவராகத்தான் ஒரு நாள் பழைய ஸ்கூட்டரில் வந்து, "ஏலே தாஸு, பிணக்கம் தீரல்லியா?" என்று வாசலில் நின்றார்.

அதன்பின் ஐந்து வருடம் எல்லாக் கிறிஸ்துமஸுக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒரு வருடம் ஜெபினும் விடுமுறையில் வந்திருந்தான். மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தோம். காக்கா தம் தட்டிலிருந்த நெய்மீன் துண்டை எடுத்து அவன் தட்டில் வைத்தார். "தின்னு. அங்க இந்த ருசி கிட்டாது." ஜெபின் தலை நிமிரவில்லை. மெர்சி கரண்டியோடு அடுக்களைக்குப் போனவள் திரும்பி வரவே இல்லை. நான் மட்டும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தேன்.

அடக்கத்துக்கு மறுநாள் ரொஹானி அம்மாவின் மகன் உடின் தீவிலிருந்து அழைத்தான். அழுதான். பிறகு அவன் கையிலிருந்து போனை வாங்கி அம்மா பேசினார். எண்பதை நெருங்கும் கிழவி. எடுத்த எடுப்பிலேயே கேட்டார்:

"நீ அவனுக்குச் சிநேகிதன்தானே? ஐந்து வருடமாக ஒரு தடவைகூட ஏன் கேட்கவில்லை?"

எதை என்றேன். அவர் நம்பவில்லை. பிறகு எனக்குத் தெரியாது என்று புரிந்துகொண்டு, நிதானமாகச் சொன்னார்.

காக்கா இங்கே கண்ணில் கட்டோடு படுத்திருந்தபோது, ஜெபின் தன் மனைவியைக் கையெழுத்துப் போட வைத்து, அந்த மேட்டை விடுதி கட்ட வந்தவர்களுக்கு விற்றிருக்கிறான். வரிசையின் கடைசி மேடு, பக்கத்தில் ஆழம், படகு அணைய வசதி. வீட்டைப் பிரித்துவிட்டார்கள். பலகைகளைக் கடலில் போகவிடாமல் ரொஹானி அம்மா தம் வீட்டடியில் எடுத்து அடுக்கி வைத்திருக்கிறார். காக்கா படகிலிருந்து இறங்கியபோது அங்கே கம்பிவேலிதான் இருந்தது. ஊர் கூடிவிட்டது. தலைவரிடம் போகலாம் என்று எல்லோரும் சொல்ல, காக்கா வேண்டாம் என்றிருக்கிறார். பத்து நாள் ரொஹானி அம்மாவின் வீட்டில் இருந்தார். "சாப்பிட்டான், தொழுதான், பேசவில்லை" என்றார் அம்மா. விடுதியும் வரவில்லை. வேலி மட்டும் இன்னும் நிற்கிறதாம்.

போனை வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனேன். "மெர்சி, காக்காக்க வீட்டுக் காரியம் ஒனக்குத் தெரியுமா?"

அவள் அரிவாள்மனையிலிருந்து எழுந்திருக்கவில்லை. "தெரியும்."

"எப்போ இருந்து?"

"அவரு திரும்பி வந்த வாரமே. நீங்க இல்லாதப்போ வந்தாரு. 'தங்கச்சி, தாஸுக்கிட்ட சொல்லீராத. அவன் ஒனக்க தம்பிய இந்த வாசல் ஏற விடமாட்டான். ஒனக்க அம்மைக்கு ஒரே பயலாக்கும்'னு சொன்னாரு. நான் அவரு கால்ல விழுந்தேன்."

முப்பது வருடமாக என்னோடு வாழ்கிறவள். ஐந்து வருடம் என் எதிரில் உட்கார்ந்து இதை விழுங்கியிருக்கிறாள். அவளிடம் சொல்லிவிட்டுத்தான் இதையும் எழுதுகிறேன். "எழுதுங்க" என்றாள்.

ஜெபினை அழைத்தேன். "அத்தான், காக்கா ஒண்ணும் சொல்லல்லியே. சம்மதம் இல்லேன்னா சொல்லியிருப்பாருல்லா?" என்றான். பிறகு, "அது வெறும் கல்லு அத்தான்" என்றான். நான் வைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை உடின் ஒரு வீடியோ அனுப்பினான். உடல் அங்கே இல்லாமலேயே ஊரார் காக்காவுக்காக நிறைவேற்றிய ஜனாஸாத் தொழுகை. அதை எடுத்துக்கொண்டு குளச்சலுக்குப் போனேன். நூர்ஜகான் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். சின்னப் பலகைப் பள்ளிவாசல். கைலியும் தொப்பியுமாக ஆண்கள் தோளோடு தோள் நிற்கிறார்கள். இடம் போதாமல் பாலத்திலும் வரிசை. இமாம் அவள் தகப்பனாரின் பெயரைச் சொல்லும்போது அது வேறு விதமாக ஒலித்தது. அவள் சிரித்து, அழுதாள். பிறகு விரல் வைத்துக் கேட்டாள்.

"முன் வரிசையில நீலச் சட்டை... நம்ம ஊரு ஆளு மாதிரி இருக்கே. ஆரு மாமா?"

"ஜெபின்" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். ரொஹானி அம்மாவின் பெயரில் எழுத வேண்டாம் என்று தடுத்தது நான் என்பதையும் சொன்னேன்.

"எங்கிட்டயும் வித்துட்டேன்னுதான் சொன்னாவ" என்றாள். "வாப்பா பொறுத்தது வாப்பாக்க காரியம் மாமா. நான் பொறுக்கல்ல. அந்த ஆளுட்ட சொல்லீருங்க. ஒங்களப் பொறுத்தேன்னும் இப்போ எனக்குச் சொல்ல முடியல்ல."

சரி என்றேன். அவள் போனை என் கையிலிருந்து வாங்கி வீடியோவை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டாள். நீலச் சட்டை தெரியும் இடத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு, மீதிப் பேர் தன் வாப்பாவுக்காகக் கையேந்துவதை முடிகிறவரை பார்த்தாள்.

என்னிடம் நீங்கள் சொல்லியிருக்க வேண்டும், காக்கா. இந்தப் பிணக்கம் தீர்க்க இனி நீங்கள் வாசலுக்கு வரப்போவதில்லை. பிணக்கத்தோடுதான் வழியனுப்புகிறேன். போய் வாருங்கள்.