நான்கு கை மாறி வந்த படம்

மலேசியாவில் எங்கள் ரப்பர்த் தோட்டத்தில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ரப்பர்ப் பால் நிறுக்கிறவர் தாத்தா, தண்ணீர்க் குழாயைப் பழுது பார்க்கிறவர் மாமா, கோயிலில் மணி அடிக்கிறவர் பெரியப்பா. இரத்த உறவு உண்டா என்று எவரும் கேட்பதில்லை. புதிதாக ஒருவர் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு வந்தால் அப்பா அவரை எப்படிக் கூப்பிடுகிறார் என்று மட்டும் கவனித்துக்கொள்வேன். அப்பா ‘அண்ணே’ என்றால் எனக்குப் பெரியப்பா. ‘தம்பி’ என்றால் சித்தப்பா. ‘மச்சான்’ என்றால் மாமா. இந்தக் கணக்கு ஒன்றுதான் எனக்குத் தடுமாறாமல் வரும். பள்ளிக்கூடத்துக் கணக்கு கடைசி வரை வரவில்லை, ஆறாம் வகுப்போடு அதை விட்டுவிட்டேன்.

மற்றபடி நான் வாய் திறக்காத பிள்ளை. வீட்டுக்கு ஆள் வந்தால் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். அப்படிப்பட்டவன் ஒன்பது வயதில், பெரியவர்கள் கூடியிருந்த இடத்தில் ஒரு வார்த்தை பேசி, அத்தையின் கல்யாணத்தை ஏறக்குறைய நிறுத்திவிட்டேன்.

அத்தை அப்பாவின் தங்கை. எங்களோடுதான் இருந்தார். தாய்மார்கள் பால் எடுக்க மரம் வெட்டப் போகும் நேரத்தில் கைக்குழந்தைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுப் போவார்கள். அங்கே பார்த்துக்கொள்வது அவர் வேலை. அப்போது அவருக்கு இருபத்தேழு வயது. அதற்குமுன் இரண்டு இடத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். ஒரு வீட்டார் நிறம் போதாது என்று சொல்லியனுப்பினார்கள். இன்னொரு வீட்டார் பதிலே சொல்லவில்லை. மனைவியை இழந்த ஒரு தூரத்து உறவினர், மூன்று பிள்ளைகளோடு, அத்தையைக் கேட்டுக்கொண்டிருந்தார். இந்த முறையும் அமையாவிட்டால் அவருக்கே முடித்துவிடலாம் என்று அப்பா அம்மாவிடம் சொன்னது மெல்லிய பலகைச் சுவரைத் தாண்டி எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

அந்தக் காலத்தில் பெண்ணுக்கு முன்னால் அவள் படம் ஊர் சுற்றும். அத்தையின் படம் பெடாஸ் பட்டணத்தில் எடுத்தது. பிளாஸ்டிக் பூச்சாடிக்குப் பக்கத்தில், யாரிடமோ கோபித்துக்கொண்டதுபோல் நிற்பார். பெடாஸில் குடியிருந்த என் பெரியப்பா, அதாவது அப்பாவின் அண்ணன், அதை வாங்கிப் போனார். சில மாதங்கள் கழித்து பகாவ் பக்கமிருந்து ஒரு கடிதம் வந்தது. படம் பிடித்திருக்கிறது, பையன் லாரி ஓட்டுகிறான், குடிப் பழக்கம் இல்லை, இன்ன ஞாயிற்றுக்கிழமை வருகிறோம் என்று எழுதி, பையனின் பெயரையும் போட்டிருந்தார்கள். அந்தப் பெயரில் எங்களுக்கு யாரையும் தெரியவில்லை.

அந்த ஞாயிறு வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. முதலில் இறங்கியவர் மாப்பிள்ளையின் பெரியம்மா. கையில் சொந்தமாக ஒரு தண்ணீர் பிளாஸ்க். பேச்சு முடியாத வீட்டில் கை நனைக்க மாட்டார் என்பது அதிலேயே தெரிந்தது. பின்னால் ஓர் ஆண், இரண்டு பெண்கள். கடைசியாக மாப்பிள்ளை இறங்கினார்.

கும்பிடப் போன அப்பாவின் கை பாதியில் நின்றது.

எங்கள் தோட்டத்துக்கு வியாழக்கிழமைதோறும் கட்டிப்பால், அதாவது உறைந்த ரப்பர்ப் பால், ஏற்ற வரும் லாரிக்காரர் அவர். ஒன்றரை வருடமாக வருகிறவர். சரக்கு ஏறும்வரை எங்கள் வீட்டு முன்புறம் உட்கார்ந்து தண்ணீர் கேட்டுக் குடிப்பார். அப்பா பல நாள் பிடித்து உட்கார வைத்துச் சோறும் போட்டிருக்கிறார். அப்பாவுக்கு அவர் ‘தம்பி’, எனக்கு லாரிச் சித்தப்பா. அவருக்கு ஒரு பெயர் இருக்கும், கேட்டு வைக்கலாம் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. இரண்டு வாரமாக லாரியை வேறு ஆள் ஓட்டி வந்த காரணம் அப்போதுதான் விளங்கியது. எங்கள் வாசலில் வாரம் தவறாமல் உட்கார்ந்திருந்தவரிடம் போய்ச் சேர, படம் பாதி மாநிலத்தைச் சுற்றியிருந்தது.

அவரும் வெட்கப்பட்டுச் சிரித்தார். அப்பாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல பிள்ளை, தெரிந்த பிள்ளை. எல்லாரும் பாயில் உட்கார்ந்தார்கள். அம்மா தேநீர்க் கிளாஸ்கள் வைத்த தட்டை என் கையில் திணித்து முன்னால் தள்ளிவிட்டார்.

புது முகங்களைப் பார்த்ததும் நிலைப்படியிலேயே நின்றுவிட்டேன். வந்தவர்களில் தெரிந்த முகம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அன்று அதில் பவுடர் அப்பியிருந்தது, கட்டிப்பால் நாற்றத்தையும் காணோம். இருந்தாலும் அவர்தானே என்று நேராக அவரிடம் போய், அம்மா சொல்லிக் கொடுத்த மரியாதையோடு சொன்னேன்.

“தேத்தண்ணி எடுத்துக்குங்க, சித்தப்பா.”

மாப்பிள்ளையின் கை கிளாஸைத் தொட்டபடியே நின்றது. பெரியம்மா என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், பிறகு அப்பாவிடம் திரும்பினார்.

“பையன் யார சித்தப்பாங்குறான்?”

தோட்டத்தில் எல்லாரையும் இப்படித்தான் கூப்பிடுவது, அது சும்மா வாய்ப் பழக்கம் என்று அப்பா சொல்லிப் பார்த்தார். மாப்பிள்ளையை முன்பே தெரியுமா என்று பெரியம்மா கேட்டார். தெரியும், வாராவாரம் லாரியில் வருகிறவர், வீட்டில் சோறு சாப்பிட்டிருக்கிறார் என்றார் அப்பா.

“நீங்க இவன எப்படிக் கூப்பிடுவீங்க?”

அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது. தரையைப் பார்த்துக்கொண்டு, “தம்பின்னு” என்றார்.

“தம்பின்னு கூப்பிட்டு சோறும் போட்டிருக்கீங்க. அப்ப உங்க தங்கச்சி இவனுக்கு என்ன முறை ஆவுது? அண்ணனுக்கும் தங்கச்சிக்குமா நான் பரிசம் போட வந்தேன்?”

தட்டைப் பாயிலேயே வைத்துவிட்டு அடுப்படிக்கு ஓடிவிட்டேன். அங்கே அத்தை பட்டுப்புடவையில், கையில் கரண்டியோடு நின்றிருந்தார். நான் அழத் தயாராக இருந்தேன். அவர் என்னைத் திட்டவில்லை. குனிந்து என் காதில், “அப்பாகிட்ட போயி, படம் யார் யார் கை மாறி வந்துச்சுன்னு கேக்கச் சொல்லு. சீக்கிரம் போடா, எந்திரிச்சிரப் போறாங்க” என்றார்.

பிளாஸ்க்கின் மூடியைத் திருகி மூடும் சத்தம் கேட்டது. திரும்பவும் அந்தக் கூட்டத்துக்குள் போவதைவிட ரப்பர்க் காட்டில் தனியாக நிற்கலாம் என்றிருந்தது. ஆனாலும் போனேன். அப்பாவின் காதில் சொன்னேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாமலே அதை உரக்கக் கேட்டுவிட்டார்.

பெரியம்மா சற்று யோசித்தார். “வாயால கூப்பிட்ட முறையவிட வழியா வந்த முறை பெருசுதான்” என்று ஒத்துக்கொண்டார். தோளில் இருந்த துண்டை மடித்துப் பாயின் நடுவில் நீளமாகப் போட்டார். இந்தப் பக்கம் பெண் வீட்டுக்கு அண்ணன் தம்பி, அந்தப் பக்கம் மாமன் மச்சான், மாப்பிள்ளை அந்தப் பக்கம் விழுந்தால்தான் பேச்சு என்றார். நான் வைத்துவிட்டுப் போன கிளாஸ்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

முதல் கை, அங்கேயே உட்கார்ந்திருந்த என் பெரியப்பா. பெண்ணுக்குக் கூடப் பிறந்தவர். ஒரு கிளாஸ் அண்ணன் தம்பி பக்கம் போனது. அவர் யாரிடம் கொடுத்தார்? சி ரூசாவில் முடிவெட்டும் கடை வைத்திருந்த தன் மனைவியின் தம்பியிடம். மச்சான். இரண்டாவது கிளாஸ் துண்டைத் தாண்டியது. அவர் யாரிடம் கொடுத்தார்? பெரியப்பாவுக்குத் தெரியவில்லை. மாப்பிள்ளையோடு வந்திருந்த ஆண் தொண்டையைச் செருமினார். அவர் மாப்பிள்ளையின் சித்தப்பா மகன், ஓர் எஸ்டேட்டில் டிராக்டர் ஓட்டுகிறவர். கடைக்காரர் பகாவ் பஸ்ஸில் கண்டக்டராக இருக்கும் தன் மனைவியின் அண்ணனிடம் கொடுத்தார் என்றார் அவர்.

“மச்சானுக்கு மச்சான்” என்று சொல்லிக்கொண்டே பெரியம்மா மூன்றாவது கிளாஸைத் தூக்கினார். அது திரும்பி இந்தப் பக்கமே வந்தது. அண்ணன் தம்பி.

 அப்பாவின் முகம் விழுந்துவிட்டது. மாப்பிள்ளை கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்படியில் மட்டும் கரண்டி நிற்காமல் கலக்கிக்கொண்டிருந்தது.

“கண்டக்டர் யாருகிட்ட குடுத்தாரு?”

“என்கிட்டதான்” என்றார் டிராக்டர்காரர். “என் தங்கச்சியக் கட்டுனவரு அவரு. எனக்கு மச்சான்.”

நான்காவது கிளாஸ் துண்டுக்கு மேல் ஒரு கணம் நின்று அந்தப் பக்கம் இறங்கியது. மாப்பிள்ளை அவருக்குத் தம்பி முறை. ஐந்தாவது கிளாஸை பெரியம்மா அதன் பக்கத்திலேயே, இடித்துக்கொண்டு நிற்கும்படி வைத்தார். இரண்டு தடவை விரல் வைத்து எண்ணிப் பார்த்தார். பிறகு அந்த ஐந்தாவது கிளாஸையே எடுத்து ஒரு வாய் குடித்தார்.

“ஆறிப்போச்சு. பொண்ண சூடா வேற போட்டுக் கொண்டாரச் சொல்லுங்க.” அப்புறம் என் பக்கம் திரும்பி, “டேய், இனிமே மாமா. மறந்துராத” என்றார்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மூன்று நான்கு முறை நான் சித்தப்பா என்று வாய் தவறிச் சொல்லி, தலையில் குட்டு வாங்கினேன். ஒரு வார்த்தையால் கெடுத்ததை இன்னொரு வார்த்தையால் நானே சரிசெய்துவிட்டேன் என்று வெகுகாலம் உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை.

போன மாதம் அத்தையும் மாமாவும் சிரம்பானில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார்கள். நான் டயர் கடையிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டேன். கல்லூரியில் படிக்கும் என் மகள் சோறு போட்டுக்கொண்டே, உலகத்தில் யாரிடம் போய்ச் சேரவேண்டுமென்றாலும் நடுவில் ஐந்தாறு பேர் இருந்தால் போதுமாம் என்று எங்கோ படித்ததைச் சொன்னாள். மாமா உடனே தன் கதையை ஆரம்பித்தார். எத்தனையோ படங்கள் ஊர் சுற்றுகிற காலத்தில் அந்த ஒரு படம் தன் கைக்கு வந்து சேர்ந்தது சாமி புண்ணியம் என்பார். இந்த நாற்பது வருடமும் இதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

“அஞ்சாறு பேரு எதுக்கு?” என்றார் அத்தை. “எனக்கு நாலு பேரே போதுமா இருந்துச்சு. ஆனா அந்த நாலு பேரத் தேடிப் புடிக்க எட்டு மாசமாச்சு.”

மாமாவின் கை தட்டில் அப்படியே நின்றுவிட்டது.

அத்தை சாதாரணமாகத்தான் சொன்னார். அப்பா தம்பி என்று கூப்பிடுகிறவரைக் கல்யாணத்துக்கு நேராகக் கேட்க வழியில்லை. தண்ணீர் குடிக்கும்போது மாமா ஒருநாள், டிராக்டர் ஓட்டும் அண்ணனைப் பற்றி ஏதோ சொல்லியிருக்கிறார். அந்த அண்ணனிடமிருந்து அத்தை ஒவ்வொருவராகப் பின்னால் விசாரித்துக்கொண்டே வந்து பெரியப்பாவைத் தொட்டிருக்கிறார். தொட்ட பிறகுதான் பட்டணத்துக்குப் போய்ப் படமே எடுத்தார். பெரியப்பாவிடம் அதைக் கொடுக்கும்போதே, சி ரூசாவில் அண்ணியின் தம்பியிடம் கொடுங்கள், அவர் மச்சான் பகாவ் பஸ்ஸில் போகிறவர், நாலு பேரைத் தெரியும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

“இன்னொரு வழி இருந்துச்சு. கிட்ட வழிதான். ஆனா அதுல அண்ணன் முறை வந்துச்சு. விட்டுட்டேன்” என்று சொல்லிவிட்டு ரசம் கேட்டார்.

மாமாவே கரண்டியை எடுத்து அவருக்கு ஊற்றினார். எனக்கு ஆயாக் கொட்டகை ஞாபகம் வந்தது. பள்ளி விட்டு வந்து, அம்மா வரும்வரை அங்கேதான் காத்திருப்பேன். வேலை முடிந்து பிள்ளையைத் தூக்க வரும் ஒவ்வொரு பெண்ணையும் அத்தை உடனே விடமாட்டார். குழந்தையை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு, உங்க நாத்தனாரை எங்கே கட்டிக் கொடுத்தார்கள், அந்த வீட்டுக்காரருக்குக் கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர், எங்கே வேலை என்று கேட்டுக்கொண்டே இருப்பார். எட்டு மாதமும் நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். பசியோடு கால்களை ஆட்டிக்கொண்டு, இந்த அத்தைக்கு ஊர்க்கதை என்றால் போதும், நேரம் போவதே தெரியாது என்று நினைத்துக்கொள்வேன்.