வேலுமணி குறித்துக் கொடுத்த நாள்

அமெரிக்காவில் ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டி என்கிற ஊரில் தமிழர் யார் வீடு வாங்கினாலும், கார் எடுத்தாலும், பிள்ளைக்குக் காது குத்தினாலும் முதல் ஃபோன் வேலுமணிக்குத்தான் போகும். ஆள் என்னவோ எண்ணெய்க் குழாய் கம்பெனியில் என்ஜினியர். ஆனால் கோபிச்செட்டிபாளையத்திலிருந்து வரும்போதே சர்டிஃபிகேட்டோடு பஞ்சாங்கத்தையும் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த மனுஷன். நாள் பார்த்துக் கொடுக்கக் கூலி கிடையாது. ஒரு டம்ளர் காபி, "வேலுமணி அண்ணா சொன்னா சரியா இருக்கும்" என்று ஒரு வார்த்தை, அது போதும் அவருக்கு. அந்த வார்த்தைக்காக ஃப்ரீவேயில் நாற்பது மைல் டிரைவ் பண்ணுவார்.

2007 ஏப்ரலில் சர்வசித்து வருஷம் பிறந்தது. இந்தியக் கடைக்குப் புதுப் பஞ்சாங்கம் வந்தபாடில்லை. ஊரிலிருந்து அனுப்பிய பார்சலும் எங்கே போய்ச் சேர்ந்ததோ, தெரியவில்லை. மனுஷனுக்குக் கை ஒடிந்த மாதிரி ஆகிவிட்டது. கம்ப்யூட்டரில் உட்கார்ந்து தேடினார். ஏதோ ஒரு பல்கலைக்கழக நூலகம் தன்னிடமிருந்த அரிய நூல்களைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து நெட்டில் போட்டிருந்தது. அதில் தமிழ்ப் புத்தகங்களும் இருந்தன. அந்த வரிசையில் சாட்சாத் 'சர்வசித்து வருஷத்துப் பஞ்சாங்கம்'! அதுவும் இலவசமாக.

தாள் பழுப்பாக இருந்தது, எழுத்து ஆடியது. நம்ம பஞ்சாங்கம் என்றைக்குப் பளபளவென்று வந்திருக்கிறது? மேலே 1887 என்று போட்டிருந்ததையும் பார்த்தார். மிட்டாய்க் கடைக்காரனும் நகைக் கடைக்காரனும் ஆரம்பித்த வருஷத்தைப் போர்டில் போடுவதில்லையா, அந்த மாதிரி என்று நினைத்துக்கொண்டார். நூறு வருஷத்துக்கு மேல் நடத்துகிறவன் தப்பாகப் போடுவானா என்று நம்பிக்கை இரண்டு மடங்காகிவிட்டது.

தமிழ் வருஷம் அறுபதும் சுற்றிச் சுற்றித்தான் வரும். பேர் ஒன்றாக இருந்தாலும் திதியும் கிழமையும் ஒன்றாக இருக்காது. இது வேலுமணிக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். தெரிந்தவன் கண்ணையே இலவசம் மறைத்துவிட்டது, வேறென்ன சொல்ல! அவர் மனைவி வசந்தாமணி மட்டும் கிழமை இடிக்கிறதே என்று கேட்டாள். ஊருக்கும் இங்கேயும் நேரம் வித்தியாசம் இருக்கிறதல்லவா, கிழமை எப்படி ஒத்துப்போகும் என்று சொல்லி அவள் வாயை அடைத்துவிட்டார்.

ஆறு மாசம் அமோகமாகப் போயிற்று. அவர் குறித்த நாளில் குடிபோனவனுக்குக் கிரீன் கார்டு வந்தது. அவர் சொன்ன நேரத்தில் இன்டர்வியூவுக்குப் போனவளுக்கு வேலை கிடைத்தது. நெட் பஞ்சாங்கம் ரொம்பத் துல்லியம் என்று ஊரே பேசியது. வேலுமணிக்குத் தரையில் கால் பாவவில்லை.

இந்த நேரத்தில்தான் ஆபீஸ் நண்பன் செல்வராஜும் அவன் மனைவி சாந்தியும் வந்தார்கள். வைகாசியில், கோர்ட்டில் கிடைத்த தேதியில் கல்யாணம் பண்ணிக்கொண்டவர்கள். சாந்தி வேறு சாதி. கோபியிலிருந்த செல்வராஜின் அம்மா ராமாத்தாள் சாதியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கல்யாண நாள் சரியில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு, மருமகளோடு ஃபோனில்கூடப் பேசாமல் இருந்துவிட்டார். இப்போது மகன் வீடு வாங்கியிருக்கிறான் என்று முதல் தடவையாக வருகிறார்.

"அண்ணா, அவங்க ஒரு குத்தமும் சொல்ல முடியாத நாளா பாத்துக் குடுங்க. இதுவும் கெட்டுப்போச்சுன்னா என்னை ஏத்துக்கவே மாட்டாங்க" என்றாள் சாந்தி.

பால் காய்ச்சிக் குடிபோக, வேலுமணி கார்த்திகையில் ஒரு சனிக்கிழமையைக் குறித்தார். வளர்பிறை, நல்ல யோகம், லீவு நாள் வேறு.

அன்றைக்குக் காலையில் வீடு நிறைய ஆட்கள். அடுப்படியில் பால் குண்டானோடு சாந்தி தயாராக நின்றாள். ராமாத்தாள் கைப்பையைத் திறந்து, ஊரிலிருந்து கொண்டுவந்த பஞ்சாங்கத்தை எடுத்துப் புரட்டினார். இன்றைக்குத் தேய்பிறை அஷ்டமி, எந்தப் புண்ணியவான் குறித்தது என்று கேட்டார். சாந்தியின் முகம் செத்துவிட்டது.

வேலுமணி அசரவில்லை. அம்மா கையிலிருப்பதுதான் ஏதோ அச்சுப்பிழை என்று சொல்லிவிட்டு, செல்வராஜின் லேப்டாப்பில் நூலகத்தைத் திறந்தார். அந்த 1887 எதற்கு என்று வசந்தாமணி கேட்டாள். கம்பெனி ஆரம்பித்த வருஷம் என்று காட்டுவதற்காக, இதுவரை படித்தே பார்க்காத இங்கிலீஷ் குறிப்பை அமுக்கினார். அச்சிட்ட ஆண்டு என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. எட்டிப் பார்த்த வசந்தாமணி அதை வாய்விட்டுப் படித்துவிட்டாள்.

வந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக, தாங்கள் எந்த நாளில் குடிவந்தோம் என்று மனசுக்குள் எண்ண ஆரம்பித்தார்கள். நூற்றிருபது வருஷத்துக்கு முந்தின ராகு காலத்தைத் தவிர்த்து ஹோண்டா வாங்கிய ஒருவர், சாவியை எடுத்துப் பார்த்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டார். வேலுமணி அவமானத்தில் குறுகிப்போனார். ஆனால் அதைவிட, பால் குண்டானைக் கீழே வைக்காமல் சாந்தி பிடித்துக்கொண்டே நின்றதைப் பார்க்கத்தான் அவருக்குப் பொறுக்கவில்லை. பாவி, நானே இந்தப் பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேனே என்று நொந்துகொண்டார்.

ராமாத்தாள் சாந்தியையும் அவள் கையிலிருந்த குண்டானையும் பார்த்தார். பிறகு வேலுமணி பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏனுங் தம்பி, உங்க பஞ்சாங்கத்துல வைகாசி பத்து எப்படி இருக்குதுன்னு பாருங்க."

அது செல்வராஜ்-சாந்தி கல்யாண நாள் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். வேலுமணி வைகாசிப் பக்கத்தைத் திறந்தார். பத்தாம் தேதிக்கு நேரே, சுபகாரியம் விலக்கவும் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. ஆயுசில் ஒரு நாழிகையைக்கூட மாற்றிச் சொல்லாத மனுஷன், தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சுபமுகூர்த்தம்னு போட்டிருக்குதுங் அம்மா."

ராமாத்தாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். விரலை வைத்து, எழுத்து எழுத்தாகப் படித்தார்.

"ஆமாங், நல்ல நாளுதான் போட்டிருக்குது" என்று கண்ணாடியைக் கழற்றினார் ராமாத்தாள். "சாந்தி, பாலை அடுப்புல வை கண்ணு."