ஆளுக்கொரு ‘கெட்’

வளர்ந்த ஆக்களுக்கு இங்கிலிஷ் படிப்பிக்கிற என்னைப்போல பாவப்பட்டதுகளுக்குத் தெரியும், நீட்டுச் சொல் எங்களை ஒண்டும் செய்யாது, குட்டிச் சொல்தான் உயிரை வாங்கும்.

பலகை நிறைஞ்ச நாள்

பிரெஞ்சு கதைக்கிற எங்கட நகரத்தில, வில்லரேப் பக்கம், ஒரு தேவாலயத்தின்ர கீழ்மண்டபத்தில பின்னேர வகுப்பு. எல்லாரும் ஸ்பானிஷ் கதைக்கிற ஆக்கள். பிரெஞ்சு ஓரளவு வரும், வேலைக்கு இங்கிலிஷும் வேணும். அண்டைக்கு ‘கெட்’ (get) எண்ட சொல்லை எடுத்தன். கிடைக்கிறதும் ‘கெட்’, போய்ச் சேருறதும் ‘கெட்’, விளங்குறதும் ‘கெட்’, காய்ச்சல் வாறதும் ‘கெட்’. ஸ்பானிஷில ஒவ்வொண்டுக்கும் ஒவ்வொரு சொல். எழுதி எழுதிப் பலகை நிறைஞ்சு போச்சு. எங்கட தமிழ் ‘பிடி’ மட்டும் என்ன திறமோ? பஸ்ஸும் பிடிக்கிறம், சளித் தடிமனும் பிடிக்குது, ஆளையும் பிடிக்குது. ஆனா அதை எனக்கு ஒருத்தரும் பலகையில எழுதிக் காட்டேல்லை.

ஹொண்டுராஸிலயிருந்து வந்த மரிசோல் பேனையை மூடி வைச்சிட்டு, படிப்பிக்கிற ஆளை அவையள் கூப்பிடுற பேரால கேட்டா: “புரொஃபே, இவ்வளவு பெரிய பாஷையில வேற சொல்லே இல்லையோ?”

பங்கு பிரிச்சது

சினம் வந்தாலும் கேள்வி நியாயம். அடுத்த வகுப்பில அர்த்தங்களை ஆளாளுக்குப் பங்கு போட்டுக் குடுத்தன். எந்த நேரமும் மூக்குச் சிந்துற லூசியா, காய்ச்சல். ஜான்-டலோன் சந்தையில பெட்டி இறக்கிப்போட்டு எப்பவும் பிந்தி வாற பெத்ரோ, போய்ச் சேருறது. ‘கெட்’ வந்தால் முதலில அந்த அர்த்தத்தின்ர ஆளைப் பார்த்துப் பேரைச் சொல்லவேணும், பிறகுதான் மறுமொழி.

மரிசோலுக்குக் ‘கிடைக்கிறது’. கந்தோர் கூட்டித் துடைச்சு ரெண்டு பிள்ளையளைத் தனிய வளர்க்கிறவ. லாசாலில ஒரு முதியோர் இல்லச் சமையலறை வேலைக்குப் போய், இங்கிலிஷில கேள்வி கேட்ட உடன வாயடைச்சுத் திரும்பி வந்தவ. அங்க இருந்து இன்னொருக்கால் கூப்பிட்டிருந்தினம். தன்ர பங்கைக் கேட்டிட்டு மெல்லமாச் சொன்னா: “எனக்கு இன்னும் ஒண்டும் கிடைக்கேல்லையே, புரொஃபே.”

பெத்ரோவின்ர பேர்

“பனிக்காலத்தில இஞ்ச எப்பிடி வந்து சேருவியள்?” எண்டு அந்த ரெண்டாவது நேர்முகத்தில பொறுப்பான மனுசி கேட்டிருக்கிறா. கேள்விக்குள்ள ‘கெட்’. மரிசோல் வகுப்புப் பழக்கத்தில ஆளைத் தேடி, “பெத்ரோ” எண்டிட்டா. “புருஷனோ?” எண்டு மனுசி கேக்க, வேற வழியில்லாமல் எங்கட பங்குப் பிரிப்பு முழுக்கத் தெரிஞ்ச இங்கிலிஷில சொல்லி முடிச்சிருக்கிறா. ஒரு வெளியாளோட அவ்வளவு நேரம் அவ இங்கிலிஷ் கதைச்சது அதுதான் முதல் தரம். வேலை கிடைச்சிட்டுது, திங்கட்கிழமை தொடக்கம்.

வகுப்பில வந்து சொல்லேக்க லூசியா அழுதா, நானும் அழுதன். பெத்ரோ, எத்தினை மணிக்கு வேலை எண்டு மட்டும் கேட்டார். திங்கள் விடிய, கொட்டுற பனிக்குள்ள, முதலாளியின்ர பெட்டி ஏத்துற வானை இரவல் வாங்கிக்கொண்டு நேரத்துக்கு முந்தியே அவவின்ர வாசலில நிண்டவராம். ஏன் எண்டு நான் கேட்டதுக்குச் சொன்னார்: “என்ர பேரைச் சொல்லியெல்லோ வேலை எடுத்தவ, நான் பிந்தலாமே?”

நான் படிப்பிச்சது ஒரு சொல்தான், மிச்சத்தை அதுகள் தங்களுக்குள்ள படிச்சுப்போட்டு, நன்றியை மட்டும் கொண்டு வந்து எனக்குத் தருகுதுகள்.