நான்காவது டிராக்கில் இன்னொரு டிரம்ஸ்

பத்திரிகை வேலையை விட்டு ஏற்காட்டுக்கு வந்த பிறகும் ஒரு மாத இதழுக்கு ஜாஸ் ஆல்பங்களின் மதிப்புரை எழுதிக்கொண்டிருக்கிறேன். மாதம் ஒரு புதிய ஆல்பம், ஒரு பழைய பதிவு. பழைய பதிவு என்றால், எங்கோ பெட்டியில் கிடந்த டேப்பை எடுத்துச் சுத்தம் செய்து வெளியிடுவது. அப்படி வருபவற்றில் பாதியைப் பெட்டியிலேயே விட்டிருக்கலாம்.

ஒரு மாதம் இரண்டும் ஒரே ஆளிடமிருந்து வந்தன. சென்னைக்காரர், பெயர் பெற்ற பியானோ கலைஞர், மாரமங்கலம் போகும் சாலையில் ஒரு பழைய எஸ்டேட் பங்களாவை வாங்கி வைத்திருப்பவர். புதிய ஆல்பம் மலையைப் பற்றியதாம். பறவைச் சத்தம், மழைச் சத்தம், நடுநடுவே வெகுநேரம் யோசித்துவிட்டு ஒரு ஸ்வரம். அதில் மழை மட்டும்தான் தாளத்தோடு பெய்தது.

பழையது வேறு ரகம். அவர் இளைஞராக இருந்தபோது இங்கே எஸ்டேட் முதலாளிகளின் கிளப்பில் ஒரு சனிக்கிழமை மாலை வாசித்தது. விரல்களில் அவசரம் இருந்தது, கொஞ்சம் பயமும் இருந்தது. பிற்பாடு அவர் இரண்டையும் தொலைத்துவிட்டார். ஆனால் டிரம்ஸ் ஒட்டவில்லை. பியானோ ஒரு பெரிய ஹாலில் கேட்டது. டிரம்ஸ் ஏசி போட்ட சின்ன அறையில் கேட்டது. ஆல்பத்தோடு வந்த குறிப்பில் டிரம்ஸுக்கு நேராக ஒரு வெளிநாட்டு இளைஞரின் பெயர் இருந்தது. அந்தச் சனிக்கிழமை அவர் பிறந்தே இருக்கமாட்டார்.

நான்காவது டிராக்கில் டிரம்ஸ் நின்று பியானோ தனியாக வரும் இடம் ஒன்று உண்டு. ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்டேன். பியானோவுக்கு அடியில் இன்னொரு டிரம்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. நடந்தது புரிந்தது. டிரம்ஸுக்கு முன்னால் வைத்த மைக்கின் பதிவை எடுத்துவிட்டுப் புது ஆளை வாசிக்கவைத்துச் சேர்த்திருக்கிறார்கள். பியானோ மைக்கிலும் பழைய டிரம்ஸ் விழுந்திருக்கும் என்பதை மறந்துவிட்டார்கள். தனி வாசிப்பு எடுப்பாகக் கேட்கட்டும் என்று பியானோவின் ஒலியைக் கூட்டியதும் அதுவும் கூடவே மேலே வந்துவிட்டது.

பழைய டிரம்ஸ் யாருடையது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சின்ன லாட்ஜ் நடத்துபவர், அந்தக் காலத்தில் எஸ்டேட் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக்காக இருந்தவர், கிளப்பில் அந்தப் பியானோ கலைஞரோடு வாசித்ததாக ஊரில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். போட்டோ கிடையாது, ஒருவரும் நம்பியதில்லை. ஜீப் ஓட்டுகிறவர்கள் அவரைக் கண்டால் பானெட்டில் தாளம் போட்டுக் காட்டுவார்கள்.

மறுநாள் காலையில் லாட்ஜுக்குப் போய் அவர் காதில் ஹெட்ஃபோனை மாட்டினேன். அவர் மனைவி படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தார்.

“பியானோக்காரரு நம்ம ஃபிரண்டுன்னு சொல்லித்தானுங்க சார் எங்கப்பனை ஏமாத்திப் பொண்ணு கேட்டாரு,” என்றார் அந்த அம்மாள். “நல்லாக் கேக்கச் சொல்லுங்க.”

அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். “இது என்ற சிம்பலுங்க,” என்று டிரம்ஸோடு மாட்டும் பித்தளைத் தட்டைச் சொன்னார்.

“எப்படிச் சொல்றீங்க?”

“கீறல் உட்டிருந்துச்சுங்க. மேல ஓடாம இருக்கறதுக்குக் கீறல் முடியற எடத்துல நானே ஒர்க்‌ஷாப்புல ஓட்டை போட்டேன். அப்பறம் கரகரன்னுதான் இருக்கும். கேளுங்க.” ஹெட்ஃபோனைக் கழற்றினார். “பேரு போட்டிருக்குதுங்களா?”

“இல்லீங்க.”

அந்த அம்மாள் மடிப்பதை நிறுத்திவிட்டார்.

வெளியீட்டு விழா அந்த பங்களாவின் புல்வெளியில் நடந்தது. இப்படிப்பட்ட விழாக்களில் மதிப்புரைக்காரருக்கு முன்வரிசையில் நாற்காலி போடுவார்கள். நல்ல சாப்பாடும் உண்டு. நான் லாட்ஜ்காரரையும் அழைத்துப் போய்ப் பக்கத்தில் உட்காரவைத்தேன். பேச்செல்லாம் முடிந்ததும் பியானோ கலைஞர் எங்களிடம் வந்தார். பழைய டிரம்ஸ் எங்கே என்று கேட்டேன்.

“டேப்ல அந்தப் பக்கம் கெட்டுப் போச்சு சார்.”

“கெடலை. ஒரு இடத்துல நல்லாவே கேக்குது.”

“அது ஹால் சத்தம். எந்த இடம்னு சொல்லுங்க, ஒரே நாள்ல எடுத்துடலாம்.” பிறகுதான் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். “நீங்க அந்த ஒர்க்‌ஷாப்ல இருந்தவர்தானே? தப்பா நினைக்காதீங்க. அன்னிக்கு வேற ஆள் கிடைக்கல.”

“ஆமாங்க. அன்னைக்குத் தேடுன ஆளு இப்பத்தான் கெடைச்சாருங்களாக்கும்?” என்றார் லாட்ஜ்காரர்.

பியானோ கலைஞர் சிரித்து, என் தோளைத் தட்டி, சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றார். நாங்கள் சாப்பிடவில்லை.

திரும்பும் வழியில் ஜீப்பில் அவரிடம் நிலைமையைச் சொன்னேன். ஆல்பம் இணையத்தில்தான் இருக்கிறது. யாருக்கும் சொல்லாமல் ஒரு டிராக்கை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்துவிடலாம். நான் இடத்தைக் குறிப்பிட்டு எழுதினால், எதை அழிப்பது என்று பியானோ கலைஞருக்கு நானே காட்டிக்கொடுத்ததாக ஆகும். எழுதாவிட்டால் டிரம்ஸ் அங்கேயே இருக்கும், யாருக்கும் தெரியாமல். இவர் வாசித்ததற்கு உலகத்தில் வேறு தடயம் இல்லை.

அவர் ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“எழுதுங்க சார். அழிச்சா அழிக்கட்டும். ஆளே இல்லீன்னா அவரு எதைங்க அழிப்பாரு?”

எழுதினேன். புதிய ஆல்பத்துக்கு ஒரு பத்தி போதுமாக இருந்தது. மீதி இடம் முழுவதும் பழையதற்கு. எங்கள் இதழில் மதிப்புரைக்கு மேலே கலைஞர்களின் பெயரைப் போடுவது வழக்கம். டிரம்ஸுக்கு நேராக லாட்ஜ்காரரின் பெயரைப் போட்டேன். வெளிநாட்டு இளைஞரைப் ‘பின்னால் சேர்க்கப்பட்டவர்’ என்று அடுத்த வரிக்குத் தள்ளினேன். ஆசிரியர் போனில், ஆல்பத்தில் அந்தப் பெயர் இல்லையே என்றார். ஆல்பத்தில் அவர் இருக்கிறார் என்றேன்.

இதழ் வெளிவந்த சில நாட்களில் நான்காவது டிராக் மாறிவிட்டது. அறிவிப்பு எதுவும் இல்லை. என்னிடம் முதல் வடிவம் பத்திரமாக இருந்ததால் இரண்டையும் லாட்ஜில் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினேன். கரகரப்புச் சுத்தமாகப் போய்விட்டது. அதை உரித்தெடுத்தபோது பியானோவின் மேல் ஸ்வரங்களும் கூடவே உரிந்துவிட்டன. பியானோ கலைஞர் வாழ்க்கையில் வாசித்த ஒரே நல்ல பகுதி இப்போது தண்ணீர்த் தொட்டிக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது.

“ஏனுங்க, இது நொம்ப மோசமா இருக்குது,” என்றார் அந்த அம்மாள். “உங்களைப் புடுங்கறேன்னு போயி அவரு தலையையே செரைச்சுக்கிட்டாரு.”

லாட்ஜ்காரர் சிரிக்கவில்லை. முதல் வடிவத்தை மறுபடியும் போடச் சொன்னார். மனைவியின் காதில் ஹெட்ஃபோனை மாட்டி, சிம்பல் வரும் இடங்களில் மேஜையில் விரலால் தொட்டுக் காட்டினார்.

அடுத்த இதழில் மாற்றிய வடிவத்துக்கும் தனியாக மதிப்புரை எழுதினேன். மேலே, டிரம்ஸுக்கு நேராக அதே பெயரைப் போட்டு, பக்கத்தில் ‘அழிக்கப்பட்டது’ என்று சேர்த்தேன்.