வரதன் விரித்த பாய்

சித்தூரில் என் தாய்மாமன் வீட்டை ஒட்டியிருந்த திருமண மண்டபத்தின் இரும்பு மடக்கு நாற்காலிகளுள் ஒன்று, ஒரே ஒரு சுரத்துக்கு மட்டும் அதிரும். அதன் முதுகுப்புறத்தில் ஆணி ஒன்று கழன்றிருந்தது. பாடகி எத்தனை உச்சத்துக்கு ஏறினாலும், தபேலா எவ்வளவு துள்ளினாலும் அசையாத அந்த ஆணி, மேடையின் பின்வரிசையில் நின்ற ஒருவர் தம் கருவியின் தடித்த தந்தியை ஏதோ ஓரிடத்தில் அழுத்தி மீட்டும்போது மட்டும் மெல்ல முனகும். அம்முனகல் என் முதுகெலும்பின் வழியே இடுப்புவரை இறங்கும். கோடை விடுமுறையில் அங்குச் செல்லும்போதெல்லாம், மெல்லிசைக் கச்சேரி தொடங்குமுன் ஓடிப்போய் அந்த நாற்காலியைத் தேடிப் பிடித்து அமர்வதே என் முதல் வேலை. அக்கருவியை அங்கிருந்தோர் 'பேஸ்' என்றனர். தமிழாசிரியனாக இருந்த காலமெல்லாம் அதற்கொரு நல்ல தமிழ்ப்பெயர் தேடித் தோற்றவன் நான். ஆதலின் 'பேஸ் கிடார்' என்றே எழுதுகிறேன், படிப்போர் பொறுத்தருள்க.

அந்த நாற்காலியில் அமர்வதே எனக்குக் குற்றவுணர்வு தருவதாக இருந்தது. திருப்பதியில் எங்கள் குடும்பம், கோயிலில் பாசுரம் ஓதும் 'கோஷ்டி'யில் தலைமுறை தலைமுறையாக நின்று வந்தது. மெல்லிசையை என் தந்தையார் 'கூத்து' என்னும் ஒற்றைச் சொல்லால் ஒதுக்குவார். மாமா வீட்டில் நான் கேட்டவற்றை அவரிடம் சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை.

சித்தூர் மேடைகளில் அந்நாளில் இருவர் பேஸ் வாசித்தனர். ஒருவர் ராபர்ட். பாட்டின் இடையே வரும் இசைப்பகுதிகளில் அவர் விரல்கள் தந்திகளின்மேல் ஓடும் ஓட்டத்தைக் காண முன்வரிசையினர் எழுந்து நிற்பர். முரட்டுக் கருவியையும் குரல்போல் குழையச் செய்யும் வித்தை அவரிடம் இருந்தது. மற்றவர் வரதன். பாகாலாவில் மரவாடி ஒன்றில் பகல் முழுதும் மரம் அறுத்துவிட்டு, மாலை ரயிலில் கருவியோடு வந்திறங்குவார். மேடையில் பாதி நேரம் அவர் சும்மா நிற்பதுபோலவே தோன்றும். எனினும் என் ஆணி முனகியது அவர் வாசித்த நாள்களில்தான். ராபர்ட்டின் விரைந்த ஓட்டத்தில் எந்தச் சுரமும் அந்த ஆணியை எழுப்பும் அளவுக்கு நின்றதில்லை.

ஒருநாள் இடைவேளையில், மேடைக்குப் பின்னால் போண்டாத் தட்டோடு அமர்ந்திருந்த அவரிடம், ராபர்ட்டைப் போல அவர் ஏன் விரைவாக வாசிப்பதில்லை என்று கேட்டுவிட்டேன்.

"இன்னா ஐயரே, வேவு பாக்க வந்துகீறியா?" என்றார். ஐயர் அல்ல, ஐயங்கார் என்று திருத்தினேன். "ரெண்டு பேருந்தான் வெங்காயம் துன்ன மாட்டீங்க, உடு" என்று சொல்லித் தட்டைத் தம் பக்கம் நகர்த்திக்கொண்டார். பிறகு என் கேள்வியை மறந்தவர்போலச் சற்று மென்றுவிட்டுச் சொன்னார்: "பாடற அம்மா குந்தறதுக்கு நான் பாய் விரிச்சுக்கினு கீறேன். பாயே பறந்துக்கினு இருந்தா எவ குந்துவா?"

அடக்கமானவர் என்று அவரை எண்ணிவிடக் கூடாது. தம் பெயர் ஒலிபெருக்கியில் கேட்க வேண்டுமென்ற ஆசை அவருக்கு நிறையவே இருந்தது. ஒரு மாலை, பாடகி குழுவினரை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்தினார். கிலுகிலுப்பை ஆட்டிய பையனுக்குக்கூடக் கைதட்டல் கிடைத்தது. வரதனை மறந்துவிட்டார். அடுத்த பாட்டின் சரணத்தில், ஒரு முழு வரிக்கு, வரதன் தந்தியிலிருந்து கையை எடுத்துவிட்டார். பாடகியின் குரல் படியில்லாத இடத்தில் காலை வைத்ததுபோலத் தடுமாறியது. டிரம்ஸ்காரர் திரும்பிப் பார்த்தார். கூட்டம் இருக்கையில் நெளிந்தது. எது நின்றது என்று ஒருவருக்கும் விளங்கவில்லை, ஏதோ நின்றுவிட்டது என்பது மட்டும் எல்லார்க்கும் விளங்கிற்று. அடுத்த வரியில் அவர் திரும்ப நுழைந்தபோது என் ஆணி முனகியது. அவர் என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார்.

அன்று முதல் அவர் கையையே பார்க்கலானேன். டிரம்ஸ்காரரின் கால் பெருமுரசை மிதிக்கும் அதே கணத்தில், முன்னுமின்றிப் பின்னுமின்றி, அவர் சுரம் விழும். பாடகி மூச்சு வாங்கும் இடத்தில் அவர் சுரம் நீளும். பாடகி மீண்டும் வாய் திறக்கும் நொடியில், உள்ளங்கையைத் தாழ்த்தித் தந்தியை அடக்கிவிடுவார். சுரத்தைத் தொடங்குதல் பலர்க்கும் கைவரும். எங்கே விடுவது என்றறிதலே பெரிய வாசிப்பு. பின்னாளில் ஒலிநாடாக்களில் இதே திறம் வாய்ந்த பலரைக் கேட்டு மயங்கியிருக்கிறேன். உறையில் பாடியவர் பெயரும் இசையமைத்தவர் பெயரும் இருக்கும், என் விருப்பத்துக்குரியவரின் பெயர் ஒருநாளும் இருந்ததில்லை.

எனக்குக் குரல் உடைந்த ஆண்டில் வீட்டில் கவலை சூழ்ந்தது. கோஷ்டியில் ஓதும் சுருதியை என் தொண்டை எட்ட மறுத்தது. உடனொத்த பிள்ளைகள் 'தவளை' என்று கேலி செய்தனர். தந்தையாருக்கோ இரைப்பு நோய் முற்றிக்கொண்டிருந்தது. நானும் நிற்க முடியாமற்போனால் எங்கள் வீட்டுக்கு வரிசையில் இடமிராது. கோஷ்டியை முன்னின்று நடத்தும் தலைமை அத்யாபகர் என்னை வரிசையில் நிறுத்திக் கேட்பதென்று முடிவாயிற்று.

அன்று காலை முதல் பாசுரத்திலேயே குரல் பிளந்தது. இரண்டாவதில், எட்டாத சுருதியைத் துரத்துவதை விட்டுவிட்டுக் கீழே இறங்கி நின்றேன். மற்றவர் மூச்சு வாங்கும் அடியிறுதியில் கடைசி அசையைப் பிடித்து நீட்டினேன். அவர்கள் அடுத்த அடியை எடுக்கும் கணத்தில் விட்டேன். வரிசை முழுதும் ஒரே பாயில் அமர்ந்ததுபோல நிலைகொண்டது. தலைமை அத்யாபகர் கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் என் தந்தையாரிடம் சொன்னார்: "உங்க தோப்பனார் திரும்பி வந்துட்டார் ஓய். அதே குரல், அதே இடத்துல பிடிச்சுக்கறான். இதெல்லாம் ரத்தத்துல வர்றது, எங்கேயும் போய்க் கத்துண்டு வர முடியாது."

தந்தையார் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் விழுந்து வணங்கினேன். அவ்வணக்கத்தில் பொய்யான சொல் ஒன்றுமில்லை, சொல்லே இல்லை.

சில ஆண்டுகள் கழித்து, திருவிழா நாளொன்றில், மாட வீதியில் எங்கள் கோஷ்டி ஓதிச் சென்றபோது வரதன் கூட்டத்தில் நின்று கேட்டிருக்கிறார். முடிந்ததும் மரவாடி நண்பர் ஒருவரோடு என்னிடம் வந்தார். முகமெல்லாம் மலர்ச்சி.

"சாமி, கடைசில புடிச்சு உடறியே, அது நம்ம எடந்தானே?"

நண்பர் சிரித்தார். "ஊர்கோலம் போனதுல இருந்து இதையே சொல்லிக்கினு கீறான் சாமி. 'சாமிங்க உங்கிட்ட வந்தா கத்துக்கினாங்க, போடா'ன்னேன்."

"ஒரு வார்த்த சொல்லு சாமி, இவன் வாய அடைக்கணும்" என்றார் வரதன்.

என் தந்தையார் கையெட்டும் தூரத்தில், இரைப்போடு, என் தோளைப் பற்றத் தேடியபடி நின்றார். பாட்டனாரின் குரல் பேரனுக்கு வந்தது என்னும் ஒரே மகிழ்ச்சியில் அவர் அந்நாளில் உயிர்வாழ்ந்திருந்தார் என்பது மிகையன்று. நான் சொன்னேன்: "இவர் ரொம்ப நன்னா வாசிப்பார்."

"அது எங்களுக்கே தெரியுமே" என்றார் நண்பர்.

வரதன் என் தந்தையாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உடுடா, சாமிக்கு வேல கீது" என்று, தந்தியை அடக்குவதுபோல் உள்ளங்கையைத் தாழ்த்தி, நண்பரை அழைத்துக்கொண்டு போய்விட்டார். அதன்பின் அவரை நான் பார்க்கவில்லை. தந்தையார் மறைந்த பிறகு பாகாலாவுக்கு ரயிலேற எத்தனையோ நாள்கள் இருந்தன; ஏறவில்லை.

அண்மையில் சித்தூரில் ஓர் உறவினர் திருமணத்துக்குச் சென்றேன். மண்டபம் அதேதான். மேடையில் பேஸ் வாசிக்க ஆளில்லை. கீபோர்டு வாசித்த இளைஞர் இடக்கையாலேயே அதையும் முடித்துக்கொண்டார், குறையாகவும் தோன்றவில்லை. இருக்கைகள் யாவும் பிளாஸ்டிக். எந்தச் சுரத்துக்கும் அவை வாய் திறப்பதில்லை. வரதன் காலமாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன என்று குழுவின் மூத்தவர் ஒருவர் சொன்னார்.

திரும்பி வந்த வாரம், கோஷ்டி கூடுமுன், இளைஞர்கள் என்னைச் சூழ்ந்தனர். சுவாமிக்கு இந்தக் குரலை யார் கற்பித்தது என்று ஒருவன் கேட்டான். "வரதன்" என்றேன்.

"எந்தத் திருமாளிகை சுவாமி? எந்த ஆசாரியர் வம்சம்?"

"பாகாலா மரவாடி. பேஸ் கிடார் வாசித்தவர்."

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தனர். சுவாமி வேடிக்கை பேசினால் முகத்தில் சுருக்கம்கூட விழாது என்றான் ஒருவன். வேடிக்கையன்று என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வாசலில் அந்நாளைய தலைமை அத்யாபகரின் பேரன் பாசுரத்தின் முதலடியை எடுத்துக் கொடுத்துவிட்டான். நானும் அவர்களோடு சிரித்துவிட்டு, எழுந்து போய், வரதனின் இடத்தில் நின்றுகொண்டேன்.